கிளாஸ்விட்ஸ்: ஒற்றை வரிக்கு அப்பால்

சில எழுத்தாளர்களுக்கு நேரக்கூடிய பெரிய துரதிருஷ்டம், அவர்கள் எழுதிய ஒரு வரி அவர்களையே விழுங்கிவிடுவது. பிரஷ்ய ராணுவத்தில் மேஜர் ஜெனரலாக இருந்த கார்ல் ஃபான் கிளாஸ்விட்ஸ் அப்படி விழுங்கப்பட்டவர். போரையும் அரசியலையும் இணைத்து அவர் எழுதிய அந்த வரியை இங்கே மறுபடி எடுத்தெழுதப் போவதில்லை. தலையங்கங்களிலும் மேடைகளிலும் மேலாண்மை நூல்களிலும் வேண்டிய அளவு பார்த்தாயிற்று. அதை மேற்கோள் காட்டுபவர்களில் ஒரு சாரார் அதைப் போருக்கான அனுமதிச்சீட்டாக எடுத்துக்கொள்கிறார்கள்; பேசிப் பார்த்தோம், நடக்கவில்லை, இனி பீரங்கி பேசட்டும் என்கிற அர்த்தத்தில். இன்னொரு சாரார் அதே வரியைக் காட்டி அவரை ரத்தவெறியர் என்கிறார்கள். இரு தரப்பினரும் நூலைத் திறந்து பார்த்ததாகத் தெரியவில்லை.

அந்த நூலின் பெயர் 'ஃபோம் க்ரீகெ'. 'போரைப் பற்றி' என்பதற்கு மேல் அந்தத் தலைப்பில் அலங்காரம் ஏதுமில்லை. எட்டு பாகங்கள் கொண்ட இந்தப் பெருநூலை ராணுவக் கல்லூரிகளின் வசம் விட்டுவிட்டு நாம் ஒதுங்கிக்கொண்டது சரியல்ல என்பது என் எண்ணம். பத்தொன்பதாம் நூற்றாண்டு ஐரோப்பிய உரைநடையின் முக்கியமான ஆக்கங்களுள் ஒன்று அது. அதை எழுதியவர் வெற்றிகளால் பெயர்பெற்ற தளபதி அல்லர். தோற்ற படையில் இருந்தவர், சிறைப்பட்டவர், சொந்த மன்னரின் வெறுப்புக்கு ஆளானவர், கடைசிவரை ஒரு பெரும் படையைத் தலைமையேற்று நடத்தும் வாய்ப்பே கிடைக்காதவர். நூலின் தொனியைப் புரிந்துகொள்ள இந்த வாழ்க்கையை அறிந்திருப்பது அவசியம்.

1780இல் மாக்டபுர்க் நகருக்கு அருகிலுள்ள புர்க் என்ற சிற்றூரில் பிறந்தார். தந்தை மகா ஃபிரெடரிக்கின் படையில் கீழ்நிலை அதிகாரியாக இருந்து, பிறகு வரி வசூல் துறையில் சிறு பதவி வகித்தவர். பாட்டனார் ஹாலே பல்கலைக்கழகத்தில் இறையியல் பேராசிரியர். பெயருக்கு முன்னால் 'ஃபான்' என்று போட்டுக்கொள்ளும் பிரபுத்துவத் தகுதி அந்தக் குடும்பத்துக்கு உண்மையில் இருந்ததா என்பதே சந்தேகத்துக்குரியது; 1827இல்தான் மன்னர் அதை முறையாக உறுதிப்படுத்தினார். 1792இல், பன்னிரண்டு வயதில் படையில் சேர்ந்தார். மறு ஆண்டு மைன்ஸ் நகர முற்றுகையில் பங்கேற்றார். அதே முற்றுகையில் பதின்பருவத்து ராணுவ வீரனாக நின்றவன் பின்னாளைய நாடகாசிரியன் ஹைன்ரிஹ் ஃபான் க்ளைஸ்ட். பார்வையாளராக வந்திருந்தவர் கதே. அவர் தம் நினைவுகளைப் பின்னர் நூலாக எழுதினார். ஒரு நகரம் எரிவதை இந்த மூவரும் பார்த்திருக்கிறார்கள்!

1801இல் பெர்லினில் இளம் அதிகாரிகளுக்கான பள்ளியில் சேர்ந்தபோது ஷார்ன்ஹோர்ஸ்ட் என்ற ஆசிரியர் வாய்த்தார். விவசாயக் குடும்பத்திலிருந்து உயர்ந்த அந்த மனிதரைக் கிளாஸ்விட்ஸ் தம் இரண்டாம் தந்தையாகவே மதித்தார். 1806 அக்டோபர் 14 அன்று ஜேனாவிலும் அவுவர்ஸ்டெட்டிலும் நெப்போலியனின் படைகளிடம் பிரஷ்யா ஒரே நாளில் நொறுங்கியது. மகா ஃபிரெடரிக்கின் படை வெல்ல முடியாதது என்ற நம்பிக்கையும் அன்றோடு போயிற்று. இளவரசர் ஆகஸ்ட்டின் உதவியாளராக அவுவர்ஸ்டெட்டில் போரிட்ட கிளாஸ்விட்ஸ், இரண்டு வாரம் பின்வாங்கி அலைந்தபின் பிரென்ஸ்லாவ் அருகே இளவரசரோடு பிடிபட்டார். பிரான்ஸில் சிறைவாசம். சிறை என்றால் இரும்புக் கம்பி இல்லை. வெளியேற அனுமதியில்லாத, அவமானம் நிறைந்த விருந்தினர் வாழ்க்கை.

1807இல் நாடு திரும்பும் வழியில் சுவிட்சர்லாந்தின் கொப்பே நகரில் மதாம் தெ ஸ்தாலின் மாளிகையில் சில வாரங்கள் தங்கினார்கள். அங்கே அவர் பழகியவர்களில் ஒருவர் ஆகஸ்ட் வில்ஹெல்ம் ஷ்லெகல். பின்னர் சமஸ்கிருதம் கற்று, 1823இல் பகவத் கீதையை லத்தீன் மொழிபெயர்ப்போடு பதிப்பித்தவர் இதே ஷ்லெகல்தான். போர்க்களத்தில் நிகழும் உரையாடலைப் பதிப்பிக்கப்போகிறவரும் போரைப் பற்றிய தத்துவ நூலை எழுதப்போகிறவரும் ஒரே கூரையின் கீழ் இருந்திருக்கிறார்கள். அப்போது இருவருக்கும் அது தெரியாது.

இனி 1812. அவருடைய வாழ்க்கையின் மையம் அந்த ஆண்டுதான். நெப்போலியன் ரஷ்யா மீது படையெடுக்கத் தயாரானபோது பிரஷ்ய மன்னர் மூன்றாம் ஃபிரெடரிக் வில்லியம் அவருக்குப் பணிந்து, சுமார் இருபதாயிரம் வீரர்களைத் தர உடன்பட்டார். அப்போது பட்டத்து இளவரசருக்கே போர்க்கலை கற்பித்துக்கொண்டிருந்த கிளாஸ்விட்ஸ் பதவியைத் துறந்து ரஷ்யப் படையில் சேர்ந்தார். ரஷ்ய மொழியில் ஒரு சொல்லும் தெரியாது. திருமணமாகி இரண்டு வருடம்கூட ஆகவில்லை. அவர் இப்போது எதிர்த்துப் போரிட வேண்டிய அணியில் அவருடைய சகோதரர்களும் இருந்தார்கள். மன்னர் இதை ஒருபோதும் மறக்கவில்லை.

கீழ்ப்படிதல் என்பது எதுவரை? பிரஷ்யா போன்ற ஒரு தேசத்தில் இதைவிடக் கூர்மையான கேள்வி இருக்க முடியாது. அதை இலக்கியத்தில் எழுப்பியவர் க்ளைஸ்ட். 'ஹோம்புர்க் இளவரசன்' நாடகத்தில், கட்டளைக்கு முன்பே தாக்குதல் தொடுத்துப் போரை வென்றுவிடுகிறான் நாயகன். வெற்றி பெற்றவனுக்கு மரண தண்டனை விதிக்கப்படுகிறது. தனக்காகத் தோண்டப்பட்ட குழியைப் பார்த்துவிட்டு அந்த வீரன் உயிருக்காகக் கெஞ்சும் காட்சியைப் பிரஷ்யப் பிரபுக்களால் எப்படிப் பொறுத்துக்கொள்ள முடியும்? க்ளைஸ்ட் 1811 நவம்பரில் தற்கொலை செய்துகொண்டார். நாடகம் 1821இல்தான் அச்சானது. அவர் இறந்து ஓராண்டு கழிந்த நிலையில் நாடகம் எழுப்பிய கேள்வி பனிக்காட்டில் நிஜமாக வந்து நின்றது.

1812 டிசம்பர் இறுதி. நெப்போலியனின் பெரும்படை சிதைந்து திரும்பிக்கொண்டிருக்கிறது. அதன் வடக்குச் சிறகில் இருந்த பிரஷ்யப் படைப்பிரிவின் தளபதி யோர்க், ரஷ்யர்களால் சூழப்படும் நிலை. ரஷ்யத் தரப்பிலிருந்து தூதராகப் போனவர் கிளாஸ்விட்ஸ். யோர்க்குக்கு அவரைப் பிடிக்காது. சீர்திருத்தக்காரர்கள் யாரையுமே பிடிக்காது. கிளாஸ்விட்ஸ் கொண்டுவந்த கடிதத்தில், ரஷ்யப் படைகள் இன்ன நாளில் இன்ன இடங்களில் இருக்கும் என்று குறிக்கப்பட்டிருந்தது. பிரஷ்யன் என்ற முறையில் சொல்லும், இந்தக் கடிதம் உண்மையானதா, படைகள் அந்தத் தேதியில் அங்கே இருக்குமா என்று யோர்க் கேட்கிறார். ஒரு சொல்லில் தேசத்தின் விதி தொங்குகிறது. வேறொருவராக இருந்தால் நிச்சயமாக இருக்கும் என்று சத்தியம் செய்திருப்பார். கிளாஸ்விட்ஸின் பதில் வேறு. கடிதத்தின் நேர்மைக்கு நான் பொறுப்பு. ஆனால் திட்டமிட்டபடி படைகள் போய்ச்சேருமா என்பதற்கு உறுதி கூற முடியாது, ஏனென்றால் போரில் எவ்வளவு விரும்பினாலும் வகுத்துக்கொண்ட கோட்டுக்குப் பின்னால்தான் பெரும்பாலும் நின்றுவிட நேர்கிறது என்ற பொருளில் அவர் பதில் சொன்னார். யோர்க் சிறிது யோசித்துவிட்டுக் கை நீட்டினார். டிசம்பர் 30 அன்று தவுரொக்கன் உடன்படிக்கை கையெழுத்தானது. யோர்க்கின் படை நடுநிலை வகித்தது. மன்னரின் அனுமதி இல்லாமல் ஒரு பிரஷ்யத் தளபதி எடுத்த இந்த முடிவிலிருந்துதான் நெப்போலியனுக்கு எதிரான பிரஷ்ய எழுச்சி தொடங்குகிறது.

அந்தப் பதிலை நான் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்ப்பதுண்டு. பின்னாளில் அவர் எழுதிய நூலின் சாரமே அதில் இருக்கிறது. 'உராய்வு' என்று ஓர் அத்தியாயம் எழுதியிருக்கிறார். இயந்திரவியலிலிருந்து எடுத்த சொல். தாளில் வரையப்பட்ட போருக்கும் நிஜப் போருக்கும் இடையே உள்ள வித்தியாசத்தை அந்தச் சொல்லால் குறிக்கிறார். அதை விளக்க அவர் போர்க்களத்துக்குப் போவதில்லை. மாலையில் ஒரு பயணி. இன்னும் இரண்டு தங்கல்கள்தான் பாக்கி, நல்ல சாலை, தபால் குதிரைகள், நாலைந்து மணி நேரத்தில் போய்விடலாம் என்று கணக்குப் போடுகிறான். அடுத்த நிலையத்தில் குதிரை இல்லை, இருப்பதும் நோஞ்சான். பிறகு மலைப்பாதை, பழுதான சாலை, இருட்டு. கடைசியில் ஏதோ ஒரு மோசமான விடுதி கிடைத்ததே என்று மகிழ்ந்துபோகிறான். இவ்வளவுதான். இதைத் தண்ணீருக்குள் நடப்பதோடும் ஒப்பிடுகிறார்: நடப்பது மனிதனுக்கு மிக இயல்பான செயல், தண்ணீருக்குள் அதுவே எவ்வளவு கடினம்!

'போரில் ஆபத்து' என்ற இன்னொரு சிறு அத்தியாயம். இரண்டு பக்கம்கூட இருக்காது. அனுபவமில்லாத ஒருவனை அழைத்துக்கொண்டு போர்க்களத்துக்குள் நடக்கிறார். தூரத்துப் பீரங்கியோசை நெருங்கி வருகிறது. தளபதி நிற்கும் குன்றை அடைகிறார்கள். தெரிந்த ஒருவர் விழுகிறார். மேலும் நடக்கிறார்கள், படைப்பிரிவு படைப்பிரிவாக, ஒவ்வொரு நிலையிலும் சத்தத்தின் தன்மை மாறுகிறது. கடைசியில் மணிக்கணக்காகக் குண்டுமழையின் நடுவே அசையாமல் நிற்கும் காலாட்படை வரிசை. இந்த நடையின் முடிவில் அவர் வந்தடையும் கருத்து, அறையில் உட்கார்ந்து சிந்திக்கும்போது மனதில் பாயும் வெளிச்சம் இங்கே வேறு விதமாக வளைகிறது என்பதுதான். ஒரு தேர்ந்த சிறுகதையின் கட்டுமானம் இதில் இருக்கிறது. மைன்ஸில் பதின்மூன்று வயதில் நின்ற சிறுவனை நினைவில் கொண்டு படித்தால் இன்னும் நன்றாக விளங்கும்.

டால்ஸ்டாய் இவருக்குச் செய்தது சிறு அநியாயம் என்றே சொல்வேன். கிளாஸ்விட்ஸ் 1812 செப்டம்பர் 7இல் நடந்த பொரோதினோ போரில் ரஷ்யக் குதிரைப்படையோடு இருந்தார். 'போரும் அமைதியும்' நாவலில் அந்தப் போருக்கு முந்தைய மாலை, இளவரசன் ஆந்த்ரேயும் பியரும் பேசிக்கொண்டிருக்கும்போது இரண்டு ஜெர்மானிய அதிகாரிகள் குதிரையில் கடந்துபோகிறார்கள். ஒருவர் வோல்சோகன், மற்றவர் கிளாஸ்விட்ஸ். போரைப் பரந்த நிலப்பரப்புக்கு இழுக்க வேண்டும் என்று அவர்கள் பேசிக்கொள்வது ஆந்த்ரேயின் காதில் விழுகிறது. அந்த நிலப்பரப்பில் தன் தந்தையும் மகனும் தங்கையும் இருந்த ஊர் அடக்கம் என்று அவனுக்கு ஆத்திரம் பொங்குகிறது. நாவலாசிரியனின் பார்வையில் இது மிகச் சரியான காட்சி. வீடிழந்தவனின் பக்கம் நின்றுதான் நாவல் பேச முடியும். ஆனால் அதே பக்கங்களில் ஆந்த்ரே போரைப் பற்றிச் சொல்வதென்ன? திட்டங்கள் பயனற்றவை, தற்செயல்களும் படையின் மனநிலையுமே முடிவைத் தீர்மானிக்கின்றன என்பது. இதில் பெரும்பகுதியைக் கிளாஸ்விட்ஸ் முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக முன்னரே எழுதிவிட்டார். டால்ஸ்டாய் கேலி செய்யும் வறட்டு ஜெர்மன் கோட்பாட்டாளர்களை அவரைவிடக் கடுமையாகக் கேலி செய்தவர் கிளாஸ்விட்ஸ். ஒரு வித்தியாசம் உண்டு. எதுவும் மனித அறிவின் கட்டுப்பாட்டில் இல்லை என்று டால்ஸ்டாய் முடித்துவிடுகிறார். அறிவின் கட்டுப்பாடு மிகக் குறைவு, ஆகவே இருக்கும் அந்தச் சிறிதளவைக் கைவிடக் கூடாது என்கிறார் கிளாஸ்விட்ஸ். இந்த விஷயத்தில் என் சார்பு தளபதியின் பக்கம்.

ராணுவ வாழ்க்கையின் மீதியை விரைவாகச் சொல்லிவிடலாம். 1813இல் ஷார்ன்ஹோர்ஸ்ட் போரில் பட்ட காயத்தால் இறந்தார். மன்னர் கிளாஸ்விட்ஸைத் திரும்பச் சேர்த்துக்கொள்ள மறுத்ததால், தன் நாட்டின் விடுதலைப் போரில் 1814வரை ரஷ்யச் சீருடையிலேயே போரிட்டார். 1815இல் வாட்டர்லூ நடந்த அன்று அவர் அங்கே இல்லை. சில மைல்களுக்கு அப்பால் வாவ்ரெயில், தம்மைவிடப் பெரிய பிரெஞ்சுப் படையைத் தடுத்துக்கொண்டிருந்த பிரிவின் தலைமை அலுவலர். அந்தச் சண்டையில் அவர்கள் தோற்றுப் பின்வாங்கினார்கள். ஆனால் அந்தப் பிரெஞ்சுப் படை வாட்டர்லூவுக்குப் போய்ச்சேரவில்லை. 1818இல் மேஜர் ஜெனரலாகவும் பெர்லின் போர்க் கல்லூரியின் இயக்குநராகவும் ஆக்கப்பட்டார். பாடத்திட்டத்தில் கைவைக்க அதிகாரமில்லாத நிர்வாகப் பதவி. (கல்லூரியில் பணிபுரியும் நண்பர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.) அங்கே பன்னிரண்டு ஆண்டுகள். சந்தேகத்துக்குரிய ஒருவரை ஓரங்கட்ட அரசு கண்டுபிடித்த நாற்காலியில் அமர்ந்துதான் அவர் நூலை எழுதினார்.

முடிக்கவில்லை. 1827இல் எழுதிவைத்த ஒரு குறிப்பில், முதல் ஆறு பாகங்களை இன்னும் உருவம் பெறாத ஒரு குவியல் என்றே மதிப்பிட்டு, எல்லாவற்றையும் மறுபடி எழுதப்போவதாகச் சொல்கிறார். போருக்கான அரசியல் நோக்கம் ஒவ்வொரு முறையும் வேறுபடுவதால் போரின் இயல்பும் வேறுபடும் என்ற தெளிவு அப்போதுதான் முழுமையாகக் கிட்டியது. தேதியிடாத இன்னொரு குறிப்பில், முதல் பாகத்தின் முதல் அத்தியாயம் மட்டுமே முடிந்துவிட்டதாகக் கருதுகிறார். ஆக நம் கையில் இருப்பது தன்னோடு தானே வாதிட்டுக்கொண்டிருக்கும் ஒரு பிரதி. அந்தப் புகழ்பெற்ற வரி அந்த வாதத்தில் ஒரு படி. எதிரியை முற்றாக வீழ்த்தும் வரை போர் உச்சத்தை நோக்கியே போகும் என்ற தர்க்கத்தை முதலில் நிறுவுகிறார். பிறகு நிஜத்தில் அப்படி நிகழ்வதில்லையே என்று கேட்கிறார். அந்த உச்சத்திலிருந்து போரை இழுத்துப் பிடிப்பவற்றுள் ஒன்றாகவே அரசியல் நோக்கம் வருகிறது. அத்தோடும் நிற்கவில்லை. அத்தியாயத்தின் இறுதியில் வெறுப்பு, தற்செயல், பகுத்தறிவு என்ற மூன்றின் இழுப்பில் போர் நிற்கிறது, எந்த ஒன்றையும் விட்டுவிட்ட கோட்பாடு செல்லாது என்கிறார். இதில் எது போருக்கான அனுமதிச்சீட்டு?

மொழியிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. அவர் பயன்படுத்தும் 'பொலிட்டீக்' என்ற ஜெர்மன் சொல், அரசின் கொள்கை, அதிகாரப் போட்டியான அரசியல் இரண்டையும் ஒருசேரக் குறிக்கும். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் தனித்தனிச் சொற்கள் இருப்பதால் மொழிபெயர்ப்பாளர் ஒன்றைத் தேர்ந்தாக வேண்டும். கொள்கை என்று பெயர்த்தால் நிதானமான அமைச்சரவை கண்முன் வருகிறது. அரசியல் என்று பெயர்த்தால் வேறு சித்திரம். நம் 'அரசியல்' மூலத்துக்கு நெருக்கமாக இருக்கிறது என்று தோன்றுகிறது.

1830இல் பீரங்கிப் படைக்கு மாற்றப்பட்டபோது கையெழுத்துப் பிரதிகளைக் கட்டி முத்திரையிட்டு வைத்துவிட்டுப் போனார். திரும்பி வந்து திறக்க வாய்க்கவில்லை. போலந்து எழுச்சியை ஒட்டி எல்லையில் நிறுத்தப்பட்ட படையோடு இருந்தபோது காலரா பரவியது. 1831 ஆகஸ்டில் அவருடைய நண்பரும் தளபதியுமான க்னைசெனாவ் இறந்தார். நவம்பர் 16 அன்று பிரெஸ்லாவ் நகரில் கிளாஸ்விட்ஸ் இறந்தார். வயது ஐம்பத்தொன்று. இரண்டு நாள் முன்பு பெர்லினில் ஹெகல் இறந்திருந்தார். அதற்கும் காலராதான் காரணமென்று சொல்லப்பட்டது.

முத்திரையை உடைத்தவர் மனைவி மரியா. ப்ரூல் பிரபு குடும்பத்துப் பெண். 1803இல் அறிமுகமாகி, அந்தஸ்து வேறுபாட்டாலும் போராலும் ஏழு ஆண்டுகள் காத்திருந்து 1810இல் மணந்தவர். நூலை உயிரோடிருக்கும்போதே வெளியிடும்படி அவர் வற்புறுத்தியபோதெல்லாம், நீதான் வெளியிட வேண்டும் என்று பாதி விளையாட்டாகவும் பாதி முன்னுணர்வோடும் கணவர் சொல்வாராம். 1832 முதல் தொகுதிகள் வரத் தொடங்கின. முன்னுரையில், இப்படிப்பட்ட நூலுக்கு ஒரு பெண் முன்னுரை எழுதத் துணிவதைக் கண்டு வாசகர்கள் வியப்படைவார்கள் என்று தொடங்குகிறார். அதிலுள்ள பணிவு ஒரு கேடயம் என்றே எனக்குப் படுகிறது. சிதறிக் கிடந்த தாள்களை நண்பர்கள், சகோதரர் துணையோடு ஒழுங்குபடுத்தியவர் அவர். பத்துத் தொகுதிகளில் எட்டு முடிந்த நிலையில் 1836இல் இறந்துபோனார். நீண்ட காலம் அவரை 'விதவை' என்ற ஒரு சொல்லில் அடக்கிவிட்டார்கள். புதிதாகக் கிடைத்த கடிதங்களின் துணையோடு வான்யா எஃப்டிமோவா பெல்லிஞ்சர் எழுதிய அவரது வாழ்க்கை வரலாறு 2015இல்தான் வந்தது.

1853இல் இரண்டாம் பதிப்பு வெளியானது. பதிப்பாசிரியர் மரியாவின் சகோதரர். பாடபேதங்களில் ஆர்வமுள்ளவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். எட்டாம் பாகத்தில், தலைமைத் தளபதியை அமைச்சரவையில் சேர்த்துக்கொள்ளலாம் என்று ஓரிடம் வருகிறது. எதற்காக? அவருடைய முக்கியமான செயல்களில் அமைச்சரவை பங்குகொள்ள வசதியாக, என்பது முதற்பதிப்பின் பாடம். அமைச்சரவையின் முக்கிய முடிவுகளில் தளபதி பங்குகொள்வதற்காக, என்று ஆக்கிவிட்டது இரண்டாம் பதிப்பு. சில சொற்கள்தாம். ஆனால் எசமானும் ஏவலாளும் இடம் மாறிவிட்டார்கள். வெர்னர் ஹால்வெக் 1952இல் முதற்பதிப்புப் பாடத்தை மீட்கும் வரை ஜெர்மனியில் பரவலாக வாசிக்கப்பட்டது திரிந்த பாடமே. இந்தத் திருத்தம்தான் ஜெர்மன் ராணுவத்தைக் கெடுத்தது என்று சொல்ல மாட்டேன். அது மிகை. 1870இல் பாரிஸ் முற்றுகையின்போது மோல்ட்கே பிஸ்மார்க்கை ராணுவ விவகாரங்களிலிருந்து விலக்கி வைக்க முயன்றதற்குப் பாடபேதம் காரணமில்லை. போர் தொடங்கிவிட்டால் அரசியல்வாதி ஒதுங்க வேண்டும் என்பது அவருடைய சொந்த நம்பிக்கை. ஆனால் அந்த நம்பிக்கைக்காரர்கள் கிளாஸ்விட்ஸையும் தங்கள் பக்கத்துச் சாட்சியாக நிறுத்திக்கொள்ள அந்தச் சொற்கள் இடம் கொடுத்தன. முதல் உலகப்போரின் படுகொலைகளுக்குப் பிறகு, ஆங்கிலேயரான லிடெல் ஹார்ட் கிளாஸ்விட்ஸைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றினார். அதே போரின் நடுவே, 1915இல், பெர்ன் நகரில் அமர்ந்து லெனின் அவரை வாசித்துக் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தார். அவரவர் தேவைக்கு ஒரு கிளாஸ்விட்ஸ்.

அவரைப் புனிதராக்குவதும் என் நோக்கமில்லை. போரை ஒழிக்க வேண்டும் என்று அவர் எங்கும் சொல்லவில்லை. எரிந்த ஊர்களின் மக்கள் அந்த நூலில் பெரும்பாலும் கண்ணில் படுவதேயில்லை; ஆந்த்ரேயின் கோபத்தில் அந்த அளவுக்கு நியாயம் உண்டு. இன்னும் மோசமானது போலந்து விஷயம். அந்நிய ஆதிக்கத்துக்கு எதிராகத் தன் மன்னரையே மீறிய மனிதர், 1831இல் போலந்துக்காரர்கள் அதையே செய்தபோது, சுதந்திரப் போலந்து பிரஷ்யாவுக்கு ஆபத்து என்று எழுதினார். அவருடைய மனைவி பிறந்த ஊர் வார்சா. தவுரொக்கனில் அவ்வளவு நிதானமாகத் தன் அறிவின் எல்லையைச் சொன்னவருக்கு இங்கே பரிவின் எல்லை தெரியவில்லை. இந்த முரணை மறைத்துவிட்டு அவரைப் பாராட்ட எனக்கு விருப்பமில்லை.

ஆனாலும் போரைத் தொடங்குகிறவர்கள் அவரைப் படித்திருந்தால் என்று ஒவ்வொரு முறையும் தோன்றத்தான் செய்கிறது. 1914 ஆகஸ்டில் போருக்குப் போன வீரர்கள் இலையுதிர்காலத்துக்குள் திரும்பிவிடலாம் என்று நம்பினார்கள். 2022 பிப்ரவரியில் ரஷ்யப் படைகள் உக்ரைனுக்குள் நுழைந்தபோது சில நாட்களில் கீவ் விழுந்துவிடும் என்று நிபுணர்கள் பலர் கணித்தார்கள். தபால் குதிரை கிடைக்காத பயணியின் கதையை அவர்கள் மறந்துவிட்டார்கள் போலும்.

நூலைத் தொடங்க விரும்பும் நண்பர்களுக்கு என் யோசனை இது. மைக்கேல் ஹோவர்டும் பீட்டர் பாரெட்டும் செய்து 1976இல் வெளிவந்த ஆங்கில மொழிபெயர்ப்பு சரளமானது. மூலத்தின் கரடுமுரடுகளை அதிகம் இழைத்துவிட்டது என்று அதன்மேல் விமர்சனமும் உண்டு. அதில் முதலில் மரியாவின் முன்னுரை. அடுத்து முதல் பாகத்தின் நான்காம் அத்தியாயமான ஆபத்தும், ஏழாம் அத்தியாயமான உராய்வும். இவற்றுக்குப் பிறகு முதல் அத்தியாயத்துக்குத் திரும்பி மெதுவாகப் படிக்கலாம். அணிவகுப்பு, முகாம், ஆற்றுப் பாதுகாப்பு என்று போகும் ஐந்தாம், ஆறாம் பாகங்களின் பெரும்பகுதியைத் தயங்காமல் தாண்டிவிடலாம். ஆறாம் பாகத்தில் மக்கள் ஆயுதமேந்துவதைப் பற்றிய இருபத்தாறாம் அத்தியாயத்தை மட்டும் விட்டுவிடாதீர்கள்.